கிளி டாலர் மேல் விழுந்த வெளிச்சம்

காட்டுப்பாக்கத்துத் துலுக்கானத்துக்கு மறதி என்ற ஒன்றே கிடையாது. ஒரு தடவை பார்த்த நிறத்தை மறக்க மாட்டான். ஒரு தடவை பட்ட அவமானத்தையும் மறக்க மாட்டான். நிறத்தை வைத்துப் படம் வரைந்தான். அவமானத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பத்து வருஷத்துக்கு மேல் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

அப்பனும் ஆத்தாளும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நட்ட வயலெல்லாம் கல் நட்டு பிளாட்டாகிக்கொண்டிருந்த காலத்தில் துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்குள் எப்படியோ நுழைந்துவிட்டான். மெஷின் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. காலையிலிருந்து மத்தியானம் வரை சாம்பல் நிறம், சாம்பல் நிறம், அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மூக்கைச் சிந்தினால்கூடச் சாம்பல்தான் வரும். அந்த வெறுப்பில்தானோ என்னவோ, ஒரு நாள் சம்பளக் கவரோடு நேராகப் பாரிமுனைக்கு பஸ் ஏறி, எண்ணெய்க் கலர் ட்யூப்களும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் விழுந்த திட்டை அவன் காதிலேயே வாங்கவில்லை.

யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பார்த்தான், போட்டான், கெடுத்தான், மறுபடி பார்த்தான். அவனுக்குப் பிடித்ததெல்லாம் சாமி படமும் இல்லை, மலை அருவியும் இல்லை. ஷிப்ட் விட்டு கேட்டைத் தாண்டும் கூட்டத்தில் டிபன் கேரியர்கள் மேல் பட்டுத் தெறிக்கிற வெயில். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பாய்லரின் வயிற்றில் தெரிகிற செவ்வானம். தண்ணி லாரிக்கு வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள். அந்தக் குடங்களில் அவனுக்குத் தனிப் பைத்தியமே உண்டு. காலி ஆரஞ்சுக் குடத்தை ஒரு பெண் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால், வெயில் குடத்துக்குள் புகுந்து வெளியே வந்து அவள் வெள்ளைச் சேலையை ஆரஞ்சாக்கும். அவளுக்கே அது தெரியாது. துலுக்கானம் அதைப் பார்த்துவிட்டு சைக்கிளை நடுரோட்டில் நிறுத்துவான். பின்னால் வருகிறவன் அம்மாவையும் அக்காவையும் இழுத்து வைத்துத் திட்டிவிட்டுப் போவான்.

வெளிச்சம் ஒரு இடத்தில் தங்காது. டீ ஆறுவதற்குள் போய்விடும். அதனால் அவன் ஒரே படத்தைப் பல நாள் போட்டான். தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போவான். கேன்வாஸ் முழுக்க முதலில் டர்பன்டைனில் கரைத்த செங்காவியைப் பூசிக்கொள்வான். கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பான். அப்போது மூக்கும் முழியும் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும். இருட்டை முதலில் வைப்பான், மெல்லிசாக. அது காய்ந்த பிறகு எண்ணெய் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவான். வெளிச்சத்தைக் கடைசியில்தான் தொடுவான். அதுவும் படத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் கெட்டியாக வைப்பான். மற்ற இடமெல்லாம் அதற்கு அடங்கித்தான் போக வேண்டும்.

பூந்தமல்லியில் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்த சுலைமான் அந்தப் படங்களைக் கடைச் சுவரில் மாட்டிவைத்தான். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இதுல இன்னா பாய் கீது, கொடந்தான?" என்று கேட்டுவிட்டு, லட்சுமி படத்துக்குச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவமானத்தின் கதைக்கு வருகிறேன். அது நடந்தது எண்பத்து மூன்றில்.

துலுக்கானத்தின் அக்கா தாயம்மாவைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் உலகநாதன் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், துணி துவைத்தாள். உலகநாதனுக்கு அரிசி மண்டி, லாரி, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை. அவர் மனைவி பொன்னியம்மாளின் சங்கிலி ஒரு நாள் காணாமல் போயிற்று. சாதாரணச் சங்கிலி இல்லை. அதில் கோத்த டாலரில் இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு வைத்திருக்கும். கண்ணுக்குச் சிவப்புக் கல். இடது பக்கக் கிளிக்கு மட்டும் கல் விழுந்துபோய்க் கண் இருக்காது. பொன்னியம்மாளின் தாய்வீட்டுச் சீதனம்.

உலகநாதன் வீட்டு ஆட்கள் தாயம்மாவைத் தெருவுக்கு இழுத்துவந்தார்கள். கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். உதறினாள். முந்தானையை உதறச் சொன்னார்கள். அதையும் உதறினாள். வீட்டுக்குள் புகுந்து பானையெல்லாம் போட்டு உடைத்து, அரிசியைத் தரையில் கொட்டித் துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவள் கெட்டிக்காரத் திருடி என்பதற்கு அத்தாட்சி என்றார்கள். அதோடு விட்டார்களா? அம்மன் கோயில் திருவிழாவில் மைக் வைத்து, "இடது பக்கக் கிளிக்குக் கண்ணு கல்லு இல்லாத டாலர், யாராச்சும் அடகுக்கு எடுத்தாந்தா புடிச்சிக் குடுங்க" என்று மூன்று நாளும் கத்தவைத்தார் உலகநாதன். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட ஒருத்தரை ஒருத்தர் 'கண்ணில்லாத கிளி' என்று கேலி செய்தன.

துலுக்கானம் ஷிப்ட் முடித்து விஷயம் கேள்விப்பட்டு ஓடியபோது அக்கா தரையில் உட்கார்ந்து அரிசியிலிருந்து ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "தெருவே பாத்துச்சு, அத்த வுடு. உங்க மாமா ஊட்டுக்குள்ள வந்து, மெய்யாலுமே எடுத்தியான்னு ஒரு கேள்வி கேட்டாருடா" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு அந்த வீட்டில் பேச ஒன்றும் இருக்கவில்லை. வாடகை மலிவென்று திருநின்றவூருக்குத் தனியாகப் போய், ஸ்டேஷன் ஓரத்தில் கீரை விற்க உட்கார்ந்துவிட்டாள்.

தொண்ணூற்று நாலில் ஒரு நாள் சுலைமான் சைக்கிளில் துலுக்கானம் வீட்டுக்கே வந்தான்.

"மாமே, ஒரு பெரிய வேலை வந்துகீது. உலகநாதன் ட்ரங்க் ரோட்டுல கல்யாண மண்டபம் கட்றாரில்ல? ஹால்ல மாட்றதுக்கு அவுரு சம்சாரத்த எண்ணெய்ப் படமா போடணுமாம். ஆளுயரம். போட்டோ வச்சிப் போட்டா ஒத்துக்க மாட்டாராம், ஒக்கார வச்சிப் போடணுமாம்."

துலுக்கானம் சைக்கிள் பெல்லைத் திருகிப் பார்த்தான். சுலைமான் பூந்தமல்லிக்குக் கடை வைக்க வந்ததே அந்தத் திருவிழாவுக்குப் பிறகுதான். அக்காவின் கதை அவனுக்குத் தெரியும், ஆனால் எந்த வீடு என்று தெரியாது. அதை இவன் யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னா யோசனை? பெரிய கைப்பா."

"போறேன் பாய்" என்றான்.

எதற்குப் போனான் என்று கேட்டால் அவனுக்கே அப்போது தெரியாது. அந்த வீட்டுக்குள் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அக்கா தேய்த்த தரையை, அவள் துவைத்த கல்லைப் பார்த்தால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்திருக்கலாம். அடங்கவில்லை, ஏறித்தான் போயிற்று.

உலகநாதனும் சரி, பொன்னியம்மாளும் சரி, அவனை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. எப்படித் தெரியும்? அடித்தவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். பட்டவனுக்குத்தானே அது ஒன்றே வேலை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டூடியோவில் போட்டோ பிடிக்கப் போனாலே இருக்கிற நகையெல்லாம் பூட்டிக்கொள்வார்கள். போதாதற்குப் பக்கத்து வீட்டில் இரவலும் வாங்குவார்கள். சாதாரண போட்டோவுக்கே அப்படியென்றால், மண்டபத்தில் நிரந்தரமாகத் தொங்கப்போகிற எண்ணெய்ப் படத்துக்குச் சும்மா வந்து உட்காருவார்களா? பொன்னியம்மாள் பீரோவையே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். அட்டிகை, காசுமாலை, ரெட்டைவடம், அதற்குக் கீழே இன்னும் நாலு சங்கிலி. மேற்கே பார்த்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். மாலை வெயில் கம்பி வழியாக வந்து அவள் கழுத்தில் விழுந்தது.

துலுக்கானம் வழக்கம்போலக் கண்ணைப் பாதி மூடினான். பொன்னியம்மாள் மறைந்தாள், நாற்காலி மறைந்தது. தங்கமெல்லாம் சேர்ந்து ஒரே மஞ்சள் திட்டாக நின்றது. அந்தத் திட்டுக்குள் ஒரு இடத்தில் சிவப்பு இரண்டு புள்ளியாக மின்னவேண்டியது போல ஏதோ தோன்றி, இல்லை, ஒன்றுதான் மின்னியது. கண்ணைத் திறந்து பார்த்தான். இரண்டு கிளிகள். வலது கிளிக்குக் கண் சிவப்பு. இடது கிளிக்குக் கண் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி.

பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே, "டாலர் நல்லாகீதும்மா, பய்ய காலத்துதா?" என்று கேட்டான்.

பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. "எங்கம்மா குடுத்தது. இது ஒரு தபா காணாமப் பூட்டு, ஊரே அல்லோலகல்லோலம். திருவிழா முடிஞ்ச மறுநாளு பாத்தா, கூறப்பொடவ மடிப்புல சொருவிகினு கெடந்துது. நாந்தான் வச்சிட்டு மறந்துட்டிருக்கேன்" என்று சிரித்தாள்.

"அப்பறம் இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது? ஒரு வேலக்காரிய வேற அடிச்சித் தொரத்தியாச்சி. கெடச்சிதுன்னு சொன்னா மானம் போவும்னுட்டாரு எங்க ஊட்டுக்காரரு. உள்ளூருல போட்டுக்கறதே இல்ல. படத்துலதான, மொத்தமா மஞ்சளா தெரியும், யாரு கிட்டக்கப் போயி பாக்கப் போறா?"

"அந்த வேலக்காரம்மா?"

"அவளா? பேரே மறந்து போச்சிப்பா. முனியம்மாவோ, தாயம்மாவோ. எங்கியாவது நல்லாதான் இருப்பா. தல கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பட்டா?"

பக்கத்தில் டர்பன்டைன் பாட்டில் இருந்தது. அதை எடுத்து அவள் முகத்தில் விசிறிவிடலாமா என்று ஒரு கணம் கை துடித்ததை நான் மறைக்கப்போவதில்லை. பழி வாங்குவது பாவம் என்று உபதேசம் செய்கிற புண்ணியவான்கள் யாரும் நடுத்தெருவில் முந்தானையை உதறிக் காட்டியவர்கள் இல்லை. ஆனால் டர்பன்டைன் என்ன செய்யும்? கண் எரியும், கழுவினால் போய்விடும். அவனைத் தூக்கி உள்ளே போடுவார்கள், அக்கா திருடி, தம்பி ரவுடி என்று கதையை முடித்துவிடுவார்கள். அதற்கா இத்தனை வருஷம் வைத்திருந்தான்? பாட்டிலைத் தள்ளிவைத்தான்.

"திருப்ப வாணாம்மா. அப்படியே இருங்க. இந்த வெளிச்சம் உங்களுக்கு அம்சமா கீது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருநின்றவூர் போனான். அக்கா கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். டாலர் கிடைத்துவிட்டதென்று சொன்னபோது அவள் கை நின்றது.

"எப்போ கெடச்சிதாம்?"

"அப்பவே. நீ இங்க வர்றதுக்கு முன்னாலயே."

கீரை வாங்க வந்த ஒருத்தி கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"நான் அத்த ஒயுங்கா பாத்ததே இல்லடா நைனா. அந்தம்மா கய்த்த நிமுந்து பாத்தாகூட கோச்சிக்கும். எப்படிடா இருக்கும் அது?"

"நீயே வந்து பாரு. ஊரே பாக்கும்" என்றான் துலுக்கானம்.

அதன் பிறகு அவன் அந்தப் படத்தைப் போட்ட மாதிரி எந்தப் படத்தையும் போட்டதில்லை. மத்தியானம் ஷிப்ட் விட்டதும் பஸ் ஏறி, வெயில் ஜன்னலைத் தொடும்போது பிரஷ்ஷோடு தயாராக நிற்பான். பட்டுச் சேலையை அடக்கி வாசித்தான். முகத்தைக் கொஞ்சம் அழகாகவே போட்டான், யாரும் குறை சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாதே. அட்டிகையும் காசுமாலையும் நிழலுக்குள் போய் மெல்லிசாக மின்னின. மற்ற சங்கிலிகளைப் பேருக்குத் தொட்டுவிட்டான். ஆரஞ்சுக் குடத்துக்கும் டீக்கடை பாய்லருக்கும் இத்தனை காலம் காட்டிய பக்தியை எல்லாம் கொண்டுவந்து அந்தக் கிளிகள் மேல் கொட்டினான். இறகுக்கு இறகு தெரிந்தது. வலது கிளியின் கண்ணில் சிவப்பு. இடது கிளியின் கண்குழியில் நல்ல இருட்டு, அதன் விளிம்பில் கெட்டியாக, பிரஷ் நுனியால் ஒரே ஒரு வெளிச்சப் பொட்டு. படத்தை எங்கே நின்று பார்த்தாலும் கண் அந்தப் பொட்டில்தான் போய் விழும். ஒவ்வொரு தடவை பிரஷ்ஷை வைக்கும்போதும் அவனுக்குள் ஒரு இனிப்பு ஊறியது. அது நல்ல இனிப்பு இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் ருசித்தான்.

"எண்ணெய் நல்லா காயற வரிக்கும் கிட்டக்கப் பாக்கக் கூடாதும்மா, மூச்சுக் காத்து பட்டா மங்கிடும்" என்று பொன்னியம்மாளிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தான். டர்பன்டைன் நாற்றத்துக்கு அவளும் கிட்டே வரவில்லை. உலகநாதன் மட்டும் ஒரு நாள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "கய்த்து தகதகன்னு கீதுயா" என்று திருப்தியாகத் தலையாட்டினார். சொந்த வீட்டு நகையை எவன் உற்றுப் பார்ப்பான்?

மண்டபத் திறப்பு விழாவுக்கு உலகநாதன் ஊரையே அழைத்திருந்தார். துலுக்கானம் அக்காவுக்கு ஒரு புதுச் சேலை எடுத்துக்கொடுத்துக் கூட்டிவந்தான். "உள்ள வுடுவாங்களாடா?" என்றாள் அவள். "படம் போட்டவனோட அக்கா நீ. எவன் தடுப்பான்?" என்றான்.

நாதஸ்வரம் ஓங்கி முழங்க, உலகநாதன் படத்தை மூடியிருந்த பட்டுத் துணியை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். படத்தில் பொன்னியம்மாள் ராணி மாதிரிதான் இருந்தாள். கைத்தட்டல் ஓய்ந்ததும் பெண்கள் நகை பார்க்கக் கிட்டே நெருங்கினார்கள். நகை என்றால் நெருங்கத்தானே செய்வார்கள். முதல் வரிசையில் கோயில் வாசலில் பூக்கடை போட்டிருக்கும் வேம்புலியம்மாள் இருந்தாள். மூன்று நாள் மைக்குக் கீழேயே உட்கார்ந்து பூக் கட்டியவள்.

அவள் படத்தை அண்ணாந்து பார்த்தாள். இன்னும் ஒரு அடி முன்னால் வந்தாள். ஹாலே கேட்கும்படி, "யம்மாடி! இந்தக் கிளிக்குக் கண்ணு இல்லடி!" என்றாள்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். பெண்கள் ஒருத்தி காதில் ஒருத்தி சொன்னார்கள். ஆண்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். அன்றைக்குத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பாதிப் பேர் அந்த ஹாலில் இருந்தார்கள். இப்போதும் வேடிக்கைதான் பார்த்தார்கள், ஆனால் இந்தத் தடவை வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அது வேற டாலர்மா" என்றார் உலகநாதன்.

"வேற டாலரா? அதுக்கும் அதே கண்ணுதான் பூட்சா மொதலாளி?" என்றாள் வேம்புலியம்மாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று.

"படத்த எறக்குங்கடா!" என்று கத்தினார். இரண்டு பேர் ஏணியைக் கொண்டுவந்தார்கள். அவருடைய மச்சினன் கஜபதி ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, "எறக்காதீங்க மாமா. எறக்கினா ஒத்துகினா மாதிரி ஆயிடும்" என்று பல்லைக் கடித்தபடி சொன்னான். ஏணி பாதி வழியில் நின்றது. உலகநாதன் ஏணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இறக்கவும் முடியாமல் மாட்டிவைக்கவும் முடியாமல் அவர் முகம் போன போக்கைத் துலுக்கானம் தூண் ஓரத்தில் நின்று கண்ணைப் பாதி மூடாமல் முழுசாகத் திறந்து பார்த்தான். அவரும் அப்போதுதான் அவனைப் பார்த்தார். அவன் பக்கத்தில் நின்றவளையும் பார்த்தார். ஏணி திரும்பிப் போயிற்று.

தாயம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்துக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவளுக்கு யாரும் வழி விடச் சொல்லவில்லை, தானாகவே விலகினார்கள். நெடுநேரம் பார்த்தாள்.

"இத்தினூண்டா?" என்றாள் தம்பியிடம். "ஒரு சுண்டைக்கா அளவுகூட இல்லியேடா. இதுக்காடா?"

துலுக்கானம் படத்தைப் பார்க்கவில்லை, உலகநாதனையே பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றில் இத்தனை வருஷம் கிடந்தது இப்போது இறங்கிவிடும் என்று எதிர்பார்த்திருந்தான். இறங்கவில்லை. உலகநாதனின் முகம் இன்னும் கொஞ்சம் கோணட்டும், இன்னும் கொஞ்சம் என்றுதான் மனசு கேட்டது.

அக்கா அவனுக்குக் காத்திருக்கவில்லை. பந்திக் கூடத்துக்குள் போய், சொந்தக்காரர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் என்று போட்டிருந்த முதல் பந்தியில், முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பரிமாறுகிற ஆள் யாரென்று கேட்க வாயெடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சோற்றைப் போட்டான். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். பருப்பு, சாம்பார், ரசம் என்று ஒன்றும் விடவில்லை. அப்பளத்தை இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

வீட்டுக்காரி பந்தியைச் சுற்றிவந்து விசாரித்தாக வேண்டும், அது முறை. வராமல் இருந்தால் அதற்கும் ஊர் பேசும். பொன்னியம்மாள் வந்தாள். காலையில் பூட்டியிருந்த நகையெல்லாம் தெரியாதபடி பட்டு முந்தானையைத் தோளைச் சுற்றிக் கழுத்து வரைக்கும் இழுத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு இலையாகக் குனிந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தவள், முதல் இலைக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

தாயம்மா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். நிமிர்ந்து அந்தக் கழுத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இந்த வெயில்ல கய்த்த மூடிகினு கீற?" என்றாள். "வுதறிக் காட்டச் சொல்ல மாட்டேன். பயப்படாத."